ஓலையும் மரமும் தீயும்: இராமநாதபுரக் கடற்கரைக் கட்டுமானத்தில் தீத்தடுப்பின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

எரியும் தன்மையுள்ள பொருள்களால் வீடமைத்து வாழ்ந்த சமூகங்கள் தீயை நான்கு வழிகளில் எதிர்கொண்டுள்ளன. எரியாத பொருளுக்கு மாறுதல், எரியும் பொருளை எரியாத பொருளால் மூடுதல், பொருளுக்கு மருந்தூட்டுதல், மனிதர் விரைந்து வெளியேற வழி அமைத்தல் என்பன அவை. பனைமரமும் ஓலையும் முதன்மைக் கட்டுமானப் பொருள்களாக விளங்கிய இராமநாதபுரக் கடற்கரையை மையமாகக் கொண்டு இந்நான்கு வழிகளின் வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. 1997 முதல் 2004 வரை தமிழகத்தில் நிகழ்ந்த நான்கு பெருந்தீ விபத்துகளுக்குப் பின் அரசும் சமூகமும் முதல் வழியையே பெரிதும் பற்றிக்கொண்டன என்பதையும், உயிரிழப்புக்கு நேரடிக் காரணமாக நின்ற நான்காவது வழியின் குறைபாடு பின்தள்ளப்பட்டது என்பதையும் இது நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: பனைமரம், ஓலைக்கூரை, தீத்தடுப்பு, மருந்தூட்டிய மரம், ஏர்வாடி, உப்பூர், கடற்கரைக் குடியிருப்பு

முன்னுரை

இராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் இடையே, பாக் நீரிணைக் கரையை ஒட்டி அமைந்த ஊர் உப்பூர். சேது யாத்திரை செல்வோர் முதலில் வழிபடும் தலமாக இங்குள்ள வெயிலுகந்த விநாயகர் கோயில் மரபில் கொள்ளப்படுகிறது. கருவறைக்கு மேல் விதானம் இல்லாமையால் வெயில் நேரே திருமேனியில் படுகிறது, பெயர்க்காரணமும் அதுவே. தெய்வத்துக்குக் கூரை வேண்டாத இவ்வூரிலும் இதைச் சூழ்ந்த கரையோர ஊர்களிலும் மக்களின் கூரை நெடுங்காலம் பனையோலையாகவும் தென்னங்கிடுகாகவும் இருந்தது. கூரையைத் தாங்கியவை பனங்கைகளும் பனைவிட்டங்களும். அடைப்பாகவும் வேலியாகவும் நின்றவையும் பனைமட்டைகளே.

இக்கரையின் பருவநிலையும் கருதத்தக்கது. மழை பெரிதும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அடங்கிவிடுகிறது. எஞ்சிய காலம் பெரும்பாலும் வறண்டது. கோடையை அடுத்து வீசும் கச்சான் காற்றில் ஓலை முற்றிலும் ஈரமிழக்கிறது. ஒரு குடிசையில் பற்றும் தீ காற்றின் போக்கில் வரிசையாகத் தாவுவதற்கு உரிய எல்லாச் சூழலும் இங்கு உண்டு. எனவே மரமும் ஓலையும் தீயும் கொண்டுள்ள உறவை ஆராய இக்கடற்கரை பொருத்தமான களமாகும்.

மரத்துக்குத் தீத்தடுப்பு மருந்தூட்டுதல் பற்றிய இன்றைய பேச்சு, காட்டுத்தீ மிகுந்த ஆஸ்திரேலியா போன்ற நாடுகளின் வெளிப்புற மரத்தளங்களை முன்னிட்டு எழுந்தது. அந்த அறிவியலின் ஒரு கிளை இந்தியாவிலேயே 1930களில் வளர்ந்தது. அது பனைக்கும் ஓலைக்கும் ஏன் வந்து சேரவில்லை என்ற வினாவே இக்கட்டுரையின் தொடக்கப்புள்ளி.

புறக்காழும் அகக்காழும்

தொல்காப்பிய மரபியல், புறத்தே வயிரம் உடையவற்றைப் புல் என்றும் அகத்தே வயிரம் உடையவற்றை மரம் என்றும் வகுக்கிறது. இவ்வகைப்பாட்டின்படி பனையும் தென்னையும் மூங்கிலும் புல்லினத்தைச் சேரும். இன்றைய தாவரவியலும் இவற்றை ஒருவித்திலைத் தாவரங்களாகக் கொண்டு தேக்கு, வேம்பு முதலியவற்றிலிருந்து பிரிக்கிறது.

இப்பகுப்பு தீ பற்றிய ஆய்வுக்கும் நேரடியாகப் பயன்படுகிறது. கனத்த மரத்தில் தீப்பற்றும்போது அதன் மேற்பரப்பு கரியாகிறது. அக்கரிப்படலம் வெப்பம் உள்ளே செல்வதைத் தடுப்பதால் மரம் மெல்ல மெல்லவே எரிகிறது. ஐரோப்பியக் கட்டுமான விதிகள் மென்மரத்துக்கு நிமிடத்துக்கு 0.65 மி.மீ., அடர்ந்த வன்மரத்துக்கு 0.5 மி.மீ. என்ற அளவில் கரிதல் வேகத்தைக் கணக்கிடுகின்றன. அடர்த்தி கூடக் கரிதல் வேகம் குறைகிறது என்பதே இதன் பொருள். பனையில் அடர்ந்த பகுதி புறத்தே உள்ளது. தீயை முதலில் எதிர்கொள்வதும் அப்பகுதியே. உட்சோற்றை நீக்கி, முற்றிய புறவயிரத்தை மட்டும் கைகளாக அறுத்துப் பயன்படுத்திய தச்சர் வழக்கம் வலிமையையும் கறையான் எதிர்ப்பையும் கருதியது. தீயை எதிர்ப்பதிலும் அதற்குப் பயன் இருந்தது எனக் கொள்ளலாம்.

மருந்தூட்டலில் நிலைமை தலைகீழாகிறது. தேக்கு போன்ற அகக்காழ் மரங்களில் புறத்தே உள்ள மென்பகுதி மருந்தை எளிதில் உறிஞ்சும், நடுவயிரம் உறிஞ்சாது. பனையிலோ கட்டுமானத்துக்குப் பயன்படும் புறவயிரம் மருந்தை எளிதில் ஏற்பதில்லை. ஏற்கும் உட்சோறு கட்டுமானத்துக்குப் பயன்படுவதில்லை. அகக்காழ் மரங்களைக் கருதி வகுக்கப்பட்ட மருந்தூட்டல் முறைகளைப் பனைக்கு அப்படியே பொருத்த இயலாது.

மேலும் ஒரு வேறுபாடு உண்டு. கனத்த பனைவிட்டம் மெல்ல எரியும். மெல்லிய ஓலை சில நிமிடங்களில் எரிந்து விழும். ஒரே மரத்தின் இரு உறுப்புகள் தீயின் முன் எதிரெதிராக நடந்துகொள்கின்றன. ‘மரவீடு எரியும்’ என்ற பொதுக்கூற்று இவ்வேறுபாட்டை மறைத்துவிடுகிறது.

முதல் வழி: பொருள் மாற்றம்

எரியாத பொருளுக்கு மாறும் வழி தமிழகத்தில் வழிபாட்டிடங்களிலேயே முதலில் தெளிவாகப் புலப்படுகிறது. கி.பி. ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த மண்டகப்பட்டுக் குடைவரையின் கல்வெட்டு, செங்கல், மரம், உலோகம், சுதை ஆகியவை இன்றி அக்கோயில் ஆக்கப்பட்டதைப் பெருமையுடன் குறிக்கிறது. அதற்கு முன்னைய கோயில்கள் அழியும் பொருள்களால் அமைந்திருந்தன என்பதற்கு இது மறைமுகச் சான்று. இராமேசுவரம் கோயிலும் தொடக்கத்தில் ஓலைக் கொட்டகையாக இருந்து, 12ஆம் நூற்றாண்டில் இலங்கை வேந்தன் பராக்கிரமபாகு காலத்தில் கற்கருவறை பெற்றது என்பது மரபுச் செய்தி. பின்னர் சேதுபதி மன்னர்களின் திருப்பணியால் அது நீண்ட கற்பிராகாரங்களைக் கொண்டதாக வளர்ந்தது.

கல்லுக்கு மாறிய பின்னும் விழாக்காலப் பந்தலும் யாகசாலையும் ஓலையாகவே தொடர்ந்தன. நிலையான கட்டடம் எரியாததாகவும் அதனுள் எழுப்பப்படும் தற்காலிகக் கட்டுமானம் எளிதில் எரிவதாகவும் அமைந்த இவ்விருநிலை பின்னாளில் பேரிழப்புக்குக் காரணமாயிற்று. கல்லும் தீயிலிருந்து முற்றிலும் தப்புவதில்லை. 2018 பிப்ரவரி 2 அன்று மதுரை மீனாட்சி அம்மன் கோயிலின் வீரவசந்தராயர் மண்டபப் பகுதியில் கடைகளிலிருந்து பரவிய தீயால் கற்றூண்களும் மேற்றளமும் சிதைந்தன. பொருள் மாற்றம் மட்டுமே பாதுகாப்பாகாது என்பதற்கு இது அண்மைச் சான்று.

இரண்டாம் வழி: மூடல்

எரியும் பொருளை எரியாத பொருளால் மூடும் வழி, பழைய இராமநாதபுரம் மாவட்டத்தின் பகுதியாக 1985 வரை இருந்த செட்டிநாட்டு ஊர்களில் சிறப்பாகக் காணப்படுகிறது. பர்மாத் தேக்கு உத்தரங்களின் மேல் செங்கல்லைக் குத்துவாக்கில் அடுக்கிச் சுண்ணாம்புக் காரை பூசும் ‘மெட்ராஸ் டெரஸ்’ முறையில் மரம் உள்ளே உள்ளது; வானத்தை நோக்கிய பரப்பு எரியாதது. பறந்து வரும் தீப்பொறி பற்றிக்கொள்ள அங்கு இடமில்லை.

எளிய மக்களின் குடிசையில் மூடல் மண்ணால் நிகழ்ந்தது. சுவருக்குச் சாணமும் மண்ணும் பூசும் வழக்கத்தில் உட்பக்க ஓலையும் வரிச்சும் ஓரளவு மறைந்தன. ஆனால் கூரையின் மேற்புறம் திறந்தே இருந்தது. உரூர்க்கியில் 1947இல் நிறுவப்பட்ட மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இக்குறையைக் களைய முயன்றது. தார்க்கலவை சேர்த்து மழையில் கரையாதவாறு அமைத்த மண்பூச்சை ஓலைக்கூரையின் மேல் இடும் எளிய முறையை அது உருவாக்கியது. தீத்தடுப்பும் மழைத்தடுப்பும் ஒரே பூச்சில் கிடைப்பது இதன் சிறப்பு. காற்றை விலக்கினால் மரம் எரியாது என்னும் இதே அறிவை இராமநாதபுரத்துக் கரிமூட்டத் தொழிலாளர் நாள்தோறும் கையாள்கின்றனர். சீமைக் கருவேல விறகை அடுக்கி மண்ணால் மூடிக் கரியாக்கும் தொழில் முழுவதும் அவ்வறிவின் மேல் நிற்கிறது. எனினும் அந்த அறிவு கூரைக்கு வந்து சேர்ந்ததாகத் தெரியவில்லை.

மூன்றாம் வழி: மருந்தூட்டல்

மரத்துக்குத் தீத்தடுப்பு மருந்தூட்டும் எண்ணம் பழமையானது. கி.மு. 86ஐ ஒட்டிப் பைரேயசு துறைமுக முற்றுகையில், படிகாரம் பூசிய மரக்கோபுரத்தைச் சுல்லாவின் படையினரால் எரிக்க இயலவில்லை என்ற செய்தியை உரோமானிய எழுத்தாளர் ஆலசு கெல்லியசு பதிவு செய்துள்ளார். 1735இல் இங்கிலாந்தில் ஒபேடயா வைல்டு என்பவர் படிகாரம், வெண்காரம் முதலியவற்றைக் கொண்ட தீத்தடுப்புக் கலவைக்குக் காப்புரிமை பெற்றார். 1821இல் பிரெஞ்சு வேதியியலாளர் கே-லுசாக் அம்மோனியம் பாஸ்பேட்டும் வெண்காரமும் துணி எரிவதைத் தடுக்கும் முறையை ஆராய்ந்தார். அரங்கத் திரைச்சீலைகள் தீப்பற்றுவதைத் தவிர்ப்பதே அவ்வாய்வின் நோக்கம்.

அவர் கண்ட வேதியியலே இன்றும் அடிப்படை. பாஸ்பேட் உப்புகள் சூடாகும்போது அமிலம் தோன்றுகிறது. அது மரம் எரியும் ஆவியாக மாறுவதைக் குறைத்துக் கரியாக மாறுவதைக் கூட்டுகிறது. வெண்காரமும் போரிக் அமிலமும் உருகிக் கண்ணாடிபோன்ற படலமாகி மேற்பரப்பை மூடுகின்றன. மரம் எரியாப் பொருளாகிவிடுவதில்லை; மெல்ல எரியும் பொருளாகிறது. வெளியேறுவதற்குச் சில நிமிடங்களைக் கூடுதலாகத் தருவதே மருந்தூட்டலின் பயன்.

இந்தியாவில் இத்துறையின் நடுவம் 1906இல் தொடங்கப்பெற்ற தேராதூன் வன ஆராய்ச்சி நிறுவனம். அங்குப் பணியாற்றிய சோந்தி காமேசம் 1933இல் செம்பு, குரோமியம், ஆர்சனிக் உப்புகளைக் கொண்ட ‘அசுகு’ என்ற மரக்காப்பு மருந்தைக் கண்டறிந்தார். மரத்தினுள் இவ்வுப்புகள் ஒன்றோடொன்று வினைபுரிந்து நீரில் கரையா நிலையை அடைவதே இதன் புதுமை. இந்தியர் ஒருவரின் இக்கண்டுபிடிப்பு உலகெங்கும் கம்பங்களையும் வேலிக்கால்களையும் வெளிப்புற மரத்தளங்களையும் பூஞ்சை, கறையான் ஆகியவற்றிலிருந்து காத்தது.

ஆனால் அழுகல் தடுப்பு வேறு, தீத்தடுப்பு வேறு. காமேசத்தின் மருந்தூட்டிய மரம் ஒருமுறை பற்றிக்கொண்டால் சுடர் அணைந்த பின்னும் கனன்றுகொண்டே இருக்கும் இயல்புடையது. அதன் சாம்பலில் ஆர்சனிக் நஞ்சு எஞ்சும். நஞ்சு பற்றிய அச்சத்தால் 2003 இறுதியில் அமெரிக்காவில் வீட்டுப் பயன்பாட்டிலிருந்து இம்மருந்து விலக்கப்பட்டது. 2006இல் ஆஸ்திரேலியாவும் மரத்தளம் முதலியவற்றில் இதற்குத் தடை விதித்தது. ‘மருந்தூட்டிய மரம்’ என்ற ஒரே சொல்லால் இருவகையையும் குறிப்பது ஆய்வுலகிலும் குழப்பம் விளைவிக்கிறது.

இந்தியத் தர நிர்ணயங்களில் மரக்காப்புக்கு ஐ.எஸ். 401, தீத்தடுப்பு ஒட்டுப்பலகைக்கு ஐ.எஸ். 5509, பந்தல் முதலிய தற்காலிகக் கட்டுமானங்களின் தீப்பாதுகாப்புக்கு ஐ.எஸ். 8758 ஆகியன உள்ளன. இத்தரங்கள் எழுந்த சூழல் மின்கம்பம், அரங்கம், அலுவலகம், விழாப்பந்தல் ஆகியவற்றைச் சார்ந்தது. கடற்கரைக் குடிசையின் கூரை அந்த நோக்கெல்லைக்குள் வரவில்லை. கூரையை ஆண்டுதோறும் அல்லது இரண்டாண்டுக்கு ஒருமுறை வேய்ந்துகொள்ளும் எளிய குடும்பம் மருந்துக்குச் செலவிட இயலாது என்பது ஒரு காரணம். மற்றொரு காரணம் மழை.

மழையில் கரையும் மருந்து

தீத்தடுப்பு உப்புகளுள் பெரும்பாலானவை நீரில் கரைவன. கூரையின் கீழ் அமைந்த ஒட்டுப்பலகையில் அவை நிலைக்கும். மழையில் நனையும் மரத்திலிருந்து நாளடைவில் வெளியேறிவிடும். வெளிப்புற மரத்தளத்தின் மையச் சிக்கல் இதுவே. 2009 பிப்ரவரி 7 அன்று ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 173 உயிர்களைக் கொண்ட காட்டுத்தீயை அடுத்து, காட்டுத்தீப் பகுதிக் கட்டுமானத்துக்கான ஏ.எஸ். 3959 என்ற தரம் அதே ஆண்டில் திருத்தி வெளியிடப்பட்டது. அத்தரம் வீட்டு மனைகளை அவை எதிர்கொள்ளக்கூடிய தீத்தாக்குதலின் அளவுக்கேற்ப ஆறு படிநிலைகளாகப் பிரிக்கிறது. மருந்தூட்டிய மரம் வெளியில் பயன்பட வேண்டுமாயின், செயற்கை மழைக்கும் வெயிலுக்கும் உட்படுத்திய பின்னரே அதன் தீயெதிர்ப்பு சோதிக்கப்பட வேண்டும் என்பது அங்குள்ள நெறி. மருந்தின்றியே தகுதி பெற்ற ஏழு மர இனங்களும் அடர்த்தி மிக்கவை என்பது பனையின் புறவயிரம் பற்றி முன்னர்க் கூறியதோடு ஒப்புநோக்கத்தக்கது.

இந்நெறி இராமநாதபுரக் கடற்கரைக்கு இன்று தேவைப்படுகிறது. 2019ஆம் ஆண்டுக் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, மக்கள்தொகை குறைந்த ஊரகக் கரையில் உயரலைக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை புதிய கட்டுமானத்தைக் கட்டுப்படுத்துகிறது. கடற்கரையில் சுற்றுலாவுக்கான தற்காலிகக் கொட்டகைகளுக்கு வரையறையுடன் இடமளிக்கிறது. 1964 டிசம்பர் புயலுக்குப் பின் குடியிருப்புக்கு உகந்ததன்று என அறிவிக்கப்பட்ட தனுஷ்கோடியில் மீனவர் இன்றும் குடிசைகளிலேயே தங்கித் தொழில் செய்கின்றனர். தற்காலிகக் கட்டுமானம் என்பது நடைமுறையில் மரமும் கீற்றுமே. சட்டமும் சூழலும் எரியும் பொருளை வேண்டி நிற்கும் இடத்தில், மழைக்கும் உப்புக்காற்றுக்கும் பின்னும் நிலைக்கும் தீத்தடுப்பு பற்றிய தரம் இல்லாமை ஒரு வெற்றிடமாகும்.

நான்காம் வழி: வெளியேற்றம்

1997க்கும் 2004க்கும் இடையே நிகழ்ந்த நான்கு விபத்துகளில் ஓலைக்கூரை பொதுவான கூறு.

1997 ஜூன் 7 அன்று தஞ்சைப் பெரிய கோயிலில் குடமுழுக்கை ஒட்டி அமைத்த யாகசாலைப் பந்தலில் தீப்பிடித்தது. தீயிலும் நெரிசலிலும் 40க்கும் மேற்பட்டோர் இறந்தனர். கல்லாலான பெருங்கோயிலின் மதிலுக்குள் இது நிகழ்ந்தது.

2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநலம் குன்றியோர் தங்கவைக்கப்பட்டிருந்த தனியார் காப்பகத்தின் ஓலைக் கொட்டகை எரிந்தது. உள்ளே இருந்தோரில் பலர் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். 28 பேர் மாண்டனர். உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து எடுத்துக்கொண்ட வழக்கின் தலைப்பில் 25 என்ற தொடக்க எண்ணிக்கையே இன்றும் நிற்கிறது.

2004 ஜனவரி 23 அன்று திருவரங்கத்துத் திருமண மண்டபம் ஒன்றின் மாடியில் கீற்றுக்கூரை பற்றியதில் மணமகன் உட்பட 50க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இறங்குவதற்குரிய படிக்கட்டு குறுகலானது. அதே ஆண்டு ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளியில் மதிய உணவுக் கூடத்தில் தோன்றிய தீ கீற்றுக்கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைப் பலிகொண்டது. ஒரே கட்டடத்தில் அளவுக்கு மீறிய மாணவர் எண்ணிக்கையும் குறுகிய வழிகளும் அங்கிருந்தன.

இந்நான்கையும் ஒப்பிட்டால் தீ பரவிய விதம் ஓலையாலும், இறப்பு நிகழ்ந்த விதம் வெளியேற இயலாமையாலும் அமைந்தமை புலனாகும். தஞ்சையில் நெரிசல், திருவரங்கத்தில் படிக்கட்டு, கும்பகோணத்தில் குறுகிய வழி, ஏர்வாடியில் சங்கிலி. ஓலை குற்றமற்றது என்பது இதன் பொருளன்று. எரிந்து விழும் கீற்று வெளியேறும் நேரத்தைச் சில நிமிடங்களாகச் சுருக்கிவிடுகிறது. ஆனால் அச்சில நிமிடங்களும் பயன்படாதவாறு தடுத்தவை வேறு.

அரசின் நடவடிக்கைகள் இருதிறத்தன. ஏர்வாடிக் காப்பகங்கள் சில நாள்களில் மூடப்பட்டன, என். இராமதாஸ் ஆணையம் அமைக்கப்பட்டது. கும்பகோணம் நிகழ்வை நீதிபதி கே. சம்பத் ஆணையம் விசாரித்தது. பள்ளிகளில் கீற்றுக்கூரைகள் அகற்றப்பட்டன. 2009இல் அவினாஷ் மெஹ்ரோத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் பள்ளிகளின் தீப்பாதுகாப்பை நாடு முழுமைக்கும் வலியுறுத்தியது. குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக மாற்றும் திட்டம் 2010இல் 21 இலட்சம் குடிசைகளை இலக்காகக் கொண்டு அறிவிக்கப்பட்டது. 2024இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லத் திட்டம் 2030க்குள் குடிசையில்லாத் தமிழகத்தை நோக்குகிறது. இவற்றுள் கூரை மாற்றம் கண்ணுக்குத் தெரிவது, எண்ணிக்கையால் அளக்கத்தக்கது. ஆகவே அது விரைந்து நிறைவேறியது. வழி, படி, பூட்டு ஆகியன ஒவ்வொரு கட்டடத்திலும் நாள்தோறும் கண்காணிக்கப்பட வேண்டியவை, அவை பின்தங்கின.

இதற்கு ஏர்வாடியே முதன்மைச் சான்று. மனநலம் குன்றியோரைச் சங்கிலியிடுவதை எவ்வடிவிலும் தடுக்கும் வெளிப்படையான விதி 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 95ஆம் பிரிவில்தான் இடம்பெற்றது. தீ நிகழ்ந்து 16 ஆண்டுகள் கடந்திருந்தன. அக்கொட்டகை ஓட்டுக்கூரையாகவோ தீத்தடுப்பு மருந்தூட்டிய மரத்தாலோ அமைந்திருப்பினும் புகை சூழ்ந்தபோது பிணைக்கப்பட்டவரால் எழுந்து வெளியேற இயன்றிராது.

முடிவுரை

இவ்வாய்வால் பெறப்படும் கருத்துகள் மூன்று.

முதலாவது, தீத்தடுப்பு மருந்தூட்டல் வெளியேறும் நேரத்தை நீட்டிக்கும் துணை வழியே அன்றித் தனித்து நிற்கும் பாதுகாப்பு அன்று. வெளியேறும் வழி இல்லாத இடத்தில் அது தரும் நிமிடங்களுக்குப் பயனில்லை.

இரண்டாவது, மரக்காப்பு அறிவியலில் இந்தியா முன்னோடியாக இருந்தும் பனையும் ஓலையும் அதன் நோக்கெல்லைக்கு வெளியே நின்றன. புறக்காழின் தீயெதிர்ப்பு, மருந்தேற்பு, மழைக்குப் பின் மருந்து எஞ்சும் அளவு ஆகியவை ஆய்வகங்களில் சோதிக்கத்தக்கவை. பனையை மாநில மரமாகக் கொண்டு, அதை வெட்டுவதற்கு 2021இல் மாவட்ட ஆட்சியரின் அனுமதியைக் கட்டாயமாக்கிய மாநிலத்தில், முற்றி விழும் பனைகளின் மரப்பயன் பற்றிய ஆய்வும் உடன்வர வேண்டும்.

மூன்றாவது, தீ விபத்துகளின் வரலாற்றை எழுதுவோர் எரிந்த பொருளைப் பதிவதோடு அமையாது, கதவு எப்பக்கம் திறந்தது, வழி எத்தனை அடி, யார் எங்கே பூட்டப்பட்டிருந்தனர் என்பவற்றையும் பதிய வேண்டும். நினைவில் ‘ஓலைக்கொட்டகைத் தீ’ என்று மட்டும் தங்கிவிட்ட நிகழ்வுகளை மறுவாசிப்புக்கு உட்படுத்த ஆணைய அறிக்கைகளும் நீதிமன்றத் தீர்ப்புகளும் தீயணைப்பு நிலையக் குறிப்புகளும் உதவும். உப்பூர் முதல் ஏர்வாடி வரையிலான கரையோர ஊர்களில் மூத்த தச்சர், கூரை வேய்வோர், மீனவர் ஆகியோரிடம் வாய்மொழிச் சான்றுகளைத் திரட்டுவது இதன் அடுத்த கட்டமாக அமையும். ஓலைக்கூரைகள் மறைந்துவரும் இந்நாளில் அப்பணியைத் தள்ளிப்போட இயலாது.